குழாயில் எண்ணெய் மணந்தால்: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று பட்டால் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, கேத்திலை அடுப்பில் ஏற்றுவது. வெள்ளம், இடப்பெயர்வு, சுனாமி என்று எல்லாம் பார்த்த மாவட்டம் இது. கொதித்தாறிய நீரும் குளோரின் வில்லையும் நமக்குக் கைவந்த பழக்கம். கிருமிக்கு அது சரியான வழி. டீசலுக்கும் ஈயத்துக்கும் களைநாசினிக்கும் அது பலிக்காது. உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று உள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றும், நைத்திரேற்று அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். பெற்றோல் கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள பென்சீன் என்ற நச்சுப்பொருள் ஆவியாகிச் சமையலறைக்குள் பரவும். குடிக்காமல் விட்டதை மூச்சில் இழுத்த கதைதான்.

அதனால் இரசாயனச் சந்தேகம் வந்தால் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: என்ன பொருள் கலந்திருக்கிறது? பதில் வரும்வரை என்ன செய்வது, பதிலை எப்படி வாங்குவது, வந்த பிறகு என்ன என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. தண்ணீர் வரும் வழியைத் தெரிந்து வையுங்கள்

திருகோணமலை நகருக்கும் சுற்றுப்புறத்துக்கும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை தரும் தண்ணீரின் மூலம் கந்தளாய்க் குளம். நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. அந்தக் குளத்துக்கு வருவது அக்கம்பக்கத்து மழைநீர் மட்டுமல்ல, மின்னேரியா பக்கமிருந்து யோத எல என்ற கால்வாய் வழியாகவும் தண்ணீர் இறங்குகிறது. வழி நெடுக வயல்கள், வயலுக்குப் போட்ட உரம், அடித்த மருந்து. ஏ-6 வீதியும் கந்தளாயைத் தொட்டுத்தான் போகிறது. எரிபொருள் பவுசர்கள் ஓடும் பாதை அது.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அவை கடலோரத்தில், கந்தளாய்க்கு வெகு கீழே இருக்கின்றன. அங்கே எண்ணெய் சிந்தினால் அது மேலேறிக் குளத்துக்குள் போகாது. கவலைப்பட வேண்டியது அந்தச் சுற்றாடலில் உள்ள கிணறுகளுக்கும், அந்த மண்ணுக்குள் ஓடும் குழாய்களுக்கும். நாட்டின் எந்தப் பெரிய தொழிற்சாலையைப் பற்றி யோசித்தாலும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு அது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? பாதிப் பயம் அங்கேயே தெளிந்துவிடும். மீதிப் பாதி எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

குளத்துத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் முறை பொதுவாக இதுதான்: படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரள வைப்பது, அடியில் படிய விடுவது, மணலில் வடிப்பது, குளோரின் சேர்ப்பது. கலங்கலையும் கிருமியையும் இது நன்றாகவே எடுக்கும். கரைந்துபோன நைத்திரேற்றும், தின்னர் போன்ற பல கரைப்பான்களும் இந்த நாலு படியையும் தாண்டி வந்துவிடும். 2014 ஜனவரி 9 அன்று அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் இதுதான் நடந்தது. நிலக்கரி கழுவப் பயன்படும் ஓர் இரசாயனம், எல்க் ஆற்றங்கரைத் தாங்கியிலிருந்து கசிந்து ஆற்றில் கலந்தது. தண்ணீர் எடுக்கும் இடம் அதற்குச் சற்றுக் கீழே. ஏறக்குறைய 3 லட்சம் பேரின் குழாய்க்குள் போய்விட்டது. காலையிலேயே காற்றில் அதிமதுர வாசம் அடிக்கிறது என்று ஊர்ச்சனங்கள் முறையிட்டார்கள், அதைத் தேடிப் போன அதிகாரிகள்தான் தாங்கி ஒழுகுவதைக் கண்டார்கள். குழாய்த் தண்ணீரைத் தொடவேண்டாம் என்ற அறிவித்தல் வந்தபோது மாலையாகிவிட்டது. ஒரு நாள் முழுவதும் ஊரின் மூக்கு நிர்வாகத்துக்கு முன்னால் ஓடியது.

தண்ணீர் கெட இன்னொரு வழியும் இருக்கிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. சுத்திகரித்த தண்ணீர் உங்கள் வாசலுக்கு வருவதற்குள் கெடுவது. தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஒழுங்கைகளில் குழாய்க்குள் அமுக்கம் விழும்போது, வெடிப்பும் மூட்டுக் கசிவும் உள்ள இடங்களில் வெளியே கிடக்கும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பொதுக் குழாயில் நேரடியாக மோட்டரைப் பூட்டி உறிஞ்சுபவர்கள் அந்த இழுவையை இன்னும் கூட்டுகிறார்கள். (இதைச் சொன்னால் கோபிப்பார்கள். இருந்தாலும் அதுதான் உண்மை.) கராஜ், வாகனம் கழுவும் சேர்விஸ் ஸ்டேஷன், எரிபொருள் நிரப்பு நிலையம் போன்ற இடங்களின் மண்ணில் எண்ணெய் ஊறியிருந்தால் வெடிப்புக்கூடத் தேவையில்லை. வீட்டு இணைப்புக்குப் போடும் கறுப்புப் பொலித்தீன் குழாயின் சுவரையே பெற்றோலின் பொருட்கள் மெல்ல ஊடுருவும். அப்படிப்பட்ட மண்ணுக்குள்ளால் உங்கள் இணைப்பு வந்தால், உலோகக் குழாய் போட்டுத் தரமுடியுமா என்று சபையிடம் கேளுங்கள்.

2. கண்ணாலும் மூக்காலும் எவ்வளவு அறியலாம்

ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். பால்போல வெண்மையாக இருந்து, ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழ். பயமில்லை. செம்மண் நிறம் என்றால் பெரும்பாலும் இரும்பு, அல்லது குழாய் வேலை நடந்திருக்கும். நீச்சல்குள மணம் குளோரின். கூழ்முட்டை மணம் கிணற்றில் சாதாரணமாக வருவது.

மேற்பரப்பில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தால் உடனே எண்ணெய் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு ஈர்க்குச்சியால் படலத்தைக் கீறுங்கள். ஓட்டுத்துண்டு மாதிரி கோணல்மாணலாக உடைந்து, உடைந்தபடியே நின்றால் அது இரும்பு பக்டீரியாவின் படலம். கீறிய இடம் சுழன்று திரும்பவும் ஒன்றாகச் சேர்ந்தால் அது எண்ணெய். கிணற்று வாளியில் இதைச் செய்து பார்க்க அரை நிமிடம் போதும்.

மண்ணெண்ணெய், டீசல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம், பெயர் சொல்ல முடியாத ஏதோ ஓர் இனிப்பு வாசம்: இவற்றில் எது மணந்தாலும் அடுத்த படிக்குப் போங்கள். சூடான தண்ணீரில் மணம் தூக்கலாகத் தெரியும். வாய்க்குள் விட்டுச் சுவை பார்க்க வேண்டாம்.

மணக்கவில்லை என்பதால் தண்ணீர் நல்லது என்றும் ஆகாது. ஈயம், ஆசனிக், கட்மியம், நைத்திரேற்று எதற்கும் மணமில்லை, நிறமில்லை. அவற்றைப் பரிசோதனை ஒன்றால்தான் பிடிக்கலாம்.

3. முதல் மணித்தியாலம்

குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். பல் துலக்குவது, பழம் கழுவுவது, ஐஸ் போடுவது எல்லாம் இதில் அடக்கம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதை முதலில் நிறுத்துங்கள். எடைக்கு எடை பார்த்தால் வீட்டில் மிக அதிகம் தண்ணீர் குடிப்பது அந்தப் பிள்ளைதான். நைத்திரேற்று மிகுந்த தண்ணீர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவும் திறனைக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரித்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கூரைத் தாங்கிக்குப் போகும் கேட் வால்வை அடையுங்கள். நிறையப் பேர் மறப்பது இதைத்தான். பொதுக் குழாய் அன்றைக்கே சரியாகிவிடலாம், ஆனால் 1000 லீற்றர் தாங்கிக்குள் போய்ச் சேர்ந்தது அங்கேயே இருக்கும்.

எரிபொருள் மணமென்றால் அந்தத் தண்ணீரில் குளிக்கவும் வேண்டாம், முக்கியமாகச் சுடுநீரில். யன்னலைத் திறந்து விடுங்கள், பக்கத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். மலசலகூடத்துக்கு ஊற்றலாம். ஆடு மாடு கோழிக்கும் வைக்காதீர்கள்.

4. வீட்டுக்குள்ளேயா, ஒழுங்கை முழுக்கவா

கூரைத் தாங்கியைத் தொடாமல் நேரே பொதுக் குழாயிலிருந்து வரும் பைப் ஒன்று பெரும்பாலான வீடுகளில் மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் மணக்கிறதா, தாங்கி பைப்பில் மட்டும் மணக்கிறதா என்று பாருங்கள். தாங்கியில் மட்டும் என்றால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அண்மையில் பிளம்பர் வந்து போனாரா? பீ.வீ.சி. பசை காய்வதற்குள் தண்ணீரைத் திறந்துவிட்டால் தின்னர் மணம் நாட்கணக்கில் நிற்கும். புதுத் தாங்கி, உள்ளே பூசிய பெயின்ட், தாங்கிக்குப் பக்கத்தில் வைத்த மண்ணெண்ணெய்க் கான் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

பொதுக் குழாயிலேயே மணந்தால் மதிலுக்கு மேலால் கேளுங்கள்: "அக்கா, உங்கட பைப்பிலயும் மணக்குதா?" ஒரே பக்கத்தில் நாலு வீட்டில் மணந்து எதிர்ப்பக்கத்தில் மணக்காவிட்டால், அதுவே பொறியியலாளருக்குப் பெரிய துப்பு. எந்த வீடு, எத்தனை மணி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். படம் எடுத்தால் மணம் தெரியாது, எழுதினால்தான் நிற்கும்.

5. யாரிடம் சொல்வது

நீர்வழங்கல் சபைக்கு 1939. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதாமல் தொலைபேசியை வைக்காதீர்கள். அடுத்தது உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நாம் பீ.எச்.ஐ. என்று சொல்பவர். தண்ணீர் மாதிரி எடுக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. அவர் மூலம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செய்தி போகும். தொழிற்சாலையோ கராஜோ கழிவைக் கொட்டுவதைக் கண்டால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு 1981. விதானையாருக்கும் (கிராம அலுவலர்) ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பவுசர் தண்ணீர் தேவைப்பட்டால் அவர் வழியாகத்தான் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டிவரும்.

6. மாதிரி எடுப்பது

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாப் பாடும் வீண்.

நம்மில் பலர் ஒரு குளிர்பானப் போத்தலைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போய், "இதை டெஸ்ட் பண்ணித் தாங்க" என்கிறோம். அங்கே வழமையாகச் செய்வது அமிலத்தன்மை, கலங்கல், கடினத்தன்மை, உப்பு, மலக் கிருமி. எல்லாம் சரி என்று அறிக்கை வரும். டீசல் மணந்த தண்ணீருக்கும் அப்படியே வரும், ஏனென்றால் டீசலை யாரும் தேடவில்லை. ஆய்வுகூடம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஆகவே எதைத் தேட வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

கராஜ், எரிபொருள் நிலையம், மின்பிறப்பாக்கி, மீன்பிடி இயந்திரங்கள் கழுவும் துறை ஆகியவற்றுக்குப் பக்கமென்றால்: எண்ணெய் மற்றும் கிரீஸ், அதோடு பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் என்ற நாலும். பழைய பற்றரி உடைக்கும் இடத்துக்குப் பக்கமென்றால் ஈயமும் அமிலத்தன்மையும். முலாம் பூசும் பட்டறையென்றால் குரோமியம். கந்தளாய், தம்பலகாமம் வயற்புறக் கிணறென்றால் நைத்திரேற்று, பீடைநாசினி, கட்மியம், ஆசனிக். பீடைநாசினிக்கு ஒரே பரிசோதனை கிடையாது. அந்தப் போகத்தில் அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று கமக்காரரிடம் விசாரித்து, வெற்றுப் போத்தலின் லேபிளைப் படமெடுத்துக் கொண்டுபோங்கள்.

போத்தலை ஆய்வுகூடத்திடமே வாங்குவது நல்லது. எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கண்ணாடி வேண்டும். அந்தப் போத்தலைப் பிடிக்கும் தண்ணீராலேயே அலசக்கூடாது. அலசினால் எண்ணெய் சுவரில் படிந்து அளவு மாறும். பென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்களுக்குச் சிறு கண்ணாடிக் குப்பியில், தளும்பத் தளும்ப, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். தண்ணீர் மெல்லிய இழையாக விழட்டும், நுரைக்க விடாதீர்கள். உலோகங்களுக்கு அமிலம் விட்ட பிளாஸ்டிக் போத்தல் தருவார்கள். உள்ளே இருக்கும் துளியைக் கழுவி ஊற்றிவிட வேண்டாம், அது வேண்டுமென்றே விட்டது. ஈயம் வீட்டுக் குழாயிலிருந்து வருகிறதா என்று பார்க்க, இரவு முழுக்கத் திறக்காத பைப்பில் விடிய முதல் வரும் தண்ணீரை ஒரு போத்தலிலும், ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொன்றிலும் பிடியுங்கள். முதலாவதில் மட்டும் ஈயம் இருந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான்.

இரவு பத்து மணிக்கு மணம் வந்தது, காலையில் அதிகாரி வரும்போது போய்விட்டது. இப்படித்தான் அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில் ஒரு கண்ணாடி ஜாம் போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாக அலசிக் காயவைத்து, மூடியின் உட்புறம் அலுமினியத்தாள் வைத்து, வாய்வரை நிரப்பி மூடுங்கள். இடம், திகதி, நேரம், பெயர் எழுதி, "குடிக்க வேண்டாம்" என்று பெரிதாக ஒட்டி, பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வழக்குக்கு இது நிற்குமா என்பது வேறு கதை. ஆனால் எதைத் தேடுவது என்று ஆய்வுகூடத்துக்கு வழி காட்டும்.

சபையின் ஆய்வுகூடம் தவிர, கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவனத்திலும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். எட்டு மணித்தியாலப் பயணம் என்றாலும் ஐஸ் பெட்டியில் வைத்து இருட்டாக மூடிக் கொண்டுபோனால் பிரச்சினை இல்லை. போகுமுன் அழைத்து, எந்தப் பரிசோதனைக்கு எத்தனை போத்தல், எத்தனை மணித்தியாலத்துக்குள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் நாலைந்து வீடு சேர்ந்து காசு போடுங்கள். தனியொருவரின் பொக்கற்றுக்கு இது கனதியான செலவு.

7. அறிக்கையை வாசிப்பது

நம் நாட்டின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614, 2013ஆம் ஆண்டுத் திருத்தம். லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் முக்கியமான உச்ச எல்லைகள்: ஈயம் 0.01, ஆசனிக் 0.01, கட்மியம் 0.003, பாதரசம் 0.001, குரோமியம் 0.05, நைத்திரேற்று 50, எண்ணெய் மற்றும் கிரீஸ் 0.2. பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் 0.01. எவ்வளவு சிறிய அளவு என்பது மனதில் பதிய வேண்டுமானால், 1000 லீற்றர் தாங்கி முழுவதற்கும் 10 மில்லிகிராம் ஈயம் போதும், எல்லையைத் தொட்டுவிடும்.

இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, "என்.டி." அல்லது "கண்டறியப்படவில்லை" என்ற சொல். அவர்களின் கருவி காணக்கூடிய மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று கேளுங்கள். கருவியால் 0.05க்குக் கீழே பார்க்க முடியாதென்றால், ஈயம் "இல்லை" என்று அது சொல்வதில் அர்த்தமில்லை. மற்றது நைத்திரேற்று. சில அறிக்கையில் நைத்திரேற்றாகவே கணக்கிடுவார்கள், சிலதில் நைதரசனாகக் கணக்கிடுவார்கள். நைதரசன் கணக்கில் வந்த எண்ணை ஏறக்குறைய 4.4 ஆல் பெருக்கினால்தான் 50 என்ற எல்லையோடு ஒப்பிடலாம். 15 என்று பார்த்து நிம்மதியாகப் படுத்தால், உண்மையில் அது 66.

8. அதுவரை எந்தத் தண்ணீர்

அடைத்த போத்தல், அல்லது பவுசர். பவுசர் வந்தால் அது குடிநீருக்கே ஒதுக்கியதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிடிக்கும் கானும் முக்கியம். கடையில் மலிவாக விற்கும் பழைய நீலக் கானில் முன்பு அமிலமோ துப்புரவுத் திரவமோ இருந்திருக்கும், எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் அதை விட்டுக்கொண்டேயிருக்கும்.

பில்டர் விற்பவர் எல்லாவற்றையும் எடுக்கும் என்பார். கரி பில்டர் மணத்தையும் கரைப்பான்களையும் ஓரளவு பிடிக்கும், நைத்திரேற்றைத் தொடாது, நிரம்பிய பிறகு பிடித்ததைத் திரும்ப விடவும் செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் உலோகம், நைத்திரேற்று, உப்பு ஆகியவற்றை நன்றாகக் குறைக்கும், சிறிய கரைப்பான் மூலக்கூறுகளில் ஒரு பங்கு அதைக் கடந்து போகும். புறஊதா ஒளி விளக்கு கிருமிக்கு மட்டும். பொருள் எதுவென்று தெரியாமல் பில்டர் வாங்குவது குருட்டு வியாபாரம்.

9. சரியாகிவிட்டது என்று அறிவித்த பிறகு

முதலில் வெளிப் பைப், நேரே பொதுக் குழாயிலிருந்து வருவது. மணம் போகும்வரை ஓடட்டும். பிறகு கூரைத் தாங்கியிலுள்ள தண்ணீரை ஒரு சொட்டும் இல்லாமல் இறக்கி, அடியிலுள்ள சேற்றை அள்ளி, கழுவி, மீண்டும் நிரப்பி இறக்குங்கள். அதற்குப் பிறகே வீட்டுக்குள் உள்ள பைப்புகள், குளிர்நீர் முதலில், சுடுநீர் கடைசியில். யன்னல் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும். மேற்கு வேர்ஜீனியாவில் வீட்டுக் குழாய்களைக் கழுவிவிட்டபோது கிளம்பிய ஆவியில் மேலும் பலருக்குச் சுகமில்லாமல் போனது. ஐஸ் கட்டிகளையும் பில்டர் கரியையும் எறிந்துவிடுங்கள்.

10. கிணறு வேறு கணக்கு

உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் முழுக்க மணல். நீர் மேலாகவே நிற்கும், மேலே சிந்தியது சீக்கிரம் கீழே இறங்கும். கிணற்றில் எண்ணெய் கண்டதும் மோட்டர் வைத்து இறைக்கத் தோன்றும். இறைத்தால் சுற்றுமண்ணில் உள்ள எண்ணெயை உங்கள் கிணற்றுக்கே இழுப்பீர்கள். சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததில் அடியிலிருந்து உப்புநீர் மேலேறியது நினைவிருக்கும். மாதிரி எடுக்கும்வரை இறைக்காதீர்கள். குளோரினும் போடாதீர்கள், எண்ணெயை அது ஒன்றும் செய்யாது.

11. எழுத்தில் வையுங்கள்

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பல வருடம் இழுபட்டது. எண்ணெய் இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கே அனல்மின் நிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கிணற்றுநீர் மாதிரிகளின் அறிக்கைகள் முக்கிய சாட்சியமாக இருந்தன.

தொழிலகம் ஒன்றின் மீது சந்தேகமென்றால், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி அதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டா, என்ன நிபந்தனையோடு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமத்தின் பிரதியையும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகளையும் விண்ணப்பித்து வாங்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பிப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. உங்கள் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் என்பதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியுண்டு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு. அரச நிறுவனம் ஒன்றின் செயலோ செயலின்மையோ உங்கள் அடிப்படை உரிமையை மீறியதென்றால், உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். மாதம் ஓடிவிடும், சட்டத்தரணியைத் தேடுவதற்குள்ளேயே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.